வருகிறேன் என்று எழுதிய பிறகு

பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் வேதாரண்யம் பக்கம் வந்தவர்கள் அந்த ஃபிளக்ஸ் பேனர்களைப் பார்த்திருப்பார்கள். மேலே ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வட்டப் படங்கள், நடுவில் பள்ளிக்கூடத்தின் முகப்பு, கீழே வரிசை வரிசையாக ஸ்டாம்பு அளவில் முகங்கள். ‘நட்பின் சங்கமம்’ என்றோ ‘மீண்டும் வகுப்பறைக்கு’ என்றோ ஒரு தலைப்பு. ஆயக்காரன்புலம், தகட்டூர், வாய்மேடு, தோப்புத்துறை, தலைஞாயிறு என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு வருடத்துப் பத்தாம் வகுப்பு கூடிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப் வந்து சிதறிக் கிடந்த எண்களைச் சேர்த்தது. தஞ்சாவூர்ப் பள்ளியில் பிரிந்தவர்கள் நடுவயதில் சந்திப்பதைச் சொன்ன ‘96’ திரைப்படம் 2018 அக்டோபரில் வந்து பலருடைய ஆசையைக் கிளறிவிட்டது.

பேனரில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அவரவர் மனத்துக்குள் நடந்ததை எந்தப் பேனரும் காட்டுவதில்லை. ‘கண்டிப்பா வர்றேன் மாப்ள’ என்று இரண்டு மாதத்துக்கு முன்பே குழுவில் எழுதி, பணத்தையும் அனுப்பிவிட்ட ஆள், முதல் நாள் இரவு ‘பொண்ணுக்குக் காய்ச்சல்டா’ என்று பின்வாங்குகிறார். இன்னொருவர் புதுச்சட்டை எடுத்து, முடிக்குச் சாயம் பூசி, திருத்துறைப்பூண்டி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். இவர்களை நண்பர்கள் கர்வம் பிடித்தவன், பந்தா பேர்வழி என்று திட்டுகிறார்கள். அந்தத் திட்டு நியாயமற்றது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போகத் துடிப்பதும் போகப் பயப்படுவதும் ஒரே மனத்தில், ஒரே நேரத்தில், தத்தமக்கான காரணங்களோடு இயங்குகின்றன. உளவியல் இதை நெடுநாளாக அளந்து பார்த்திருக்கிறது.

முதல் அளவு எலிகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்க உளவியலாளர் ஜட்சன் பிரவுன் 1948-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். எலியின் உடம்பில் சிறு கச்சை கட்டி, நீளமான ஒரு ஓடுபாதையில் விட்டார்கள். சில எலிகளுக்குப் பாதையின் முனையில் உணவு கிடைத்திருந்தது. வேறு சில எலிகளுக்கு அதே முனையில் மின்னதிர்ச்சி கிடைத்திருந்தது. பிறகு முனைக்கு அருகிலும் தொலைவிலும் எலியைப் பிடித்து நிறுத்தி, அது கச்சையை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்த்தார்கள். உணவை நாடிய எலிகள் தொலைவிலும் இழுத்தன, அருகில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தன. அதிர்ச்சிக்குப் பயந்தவையோ தொலைவில் ஏறக்குறையச் சும்மா இருந்தன. அருகில் கொண்டுபோனதும் வெறிகொண்டாற்போல் விலகி இழுத்தன. இரண்டு அனுபவமும் ஒரே இடத்தில் கிடைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நீல் மில்லர் என்ற உளவியலாளர் விளக்கினார். தொலைவில் ஆசை வெல்லும், நெருங்க நெருங்கப் பயம் செங்குத்தாக ஏறி ஆசையைத் தாண்டும். இரண்டும் சமமாகும் இடத்தில் உயிர் தயங்கி நிற்கும்.

இந்தத் தொலைவு அடியிலும் இருக்கலாம், நாளிலும் இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் ‘வர்றேன்’ என்று எழுதியபோது அந்த நண்பர் பொய் சொல்லவில்லை. அந்தத் தொலைவில் அவருக்குக் கிட்டிப்புள்ளும், பள்ளிக்கூடத்து வாசலில் விற்ற மாங்காய்க் கீற்றும், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும்தான் தெரிந்தார்கள். முதல் நாள் இரவு தெரிவது வேறு. கடன், வழுக்கை, வேலை போனது, பிள்ளை படிக்காமல் போனது. சந்திப்பை நடத்துகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஆரம்பத்தில் பத்து முறை அழைப்பதைவிடக் கடைசி நாள் மாலையில் ஒரு முறை அழைத்து, ‘நான் உன் வீட்டு வழியாத்தான் போறேன், ஏறிக்க’ என்று சொல்வது அதிகம் பலன் தரும்.

ஆசையும் பயமும் போலவே மகிழ்ச்சியும் துயரமும்கூட ஒரே நேரத்தில் வரும். ஆனால் அவை ஒரு கோலின் இரு முனைகள், ஒன்றின் பக்கம் போனால் இன்னொன்றிலிருந்து விலகத்தான் வேண்டும் என்று உளவியலில் வலுவான ஒரு கருத்து இருந்தது. 2001-ல் ஜெஃப் லார்சனும் ஜான் கசியோப்போவும் தங்கள் சகாக்களோடு அதைச் சோதித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த தருணங்களில் ஒன்று கல்லூரிப் பட்டமளிப்பு நாள். சாதாரண நாளில் ‘இப்போது மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, துயரமாகவும் இருக்கிறது’ என்று சொன்னவர்கள் குறைவு. பட்டமளிப்பு நாளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அப்படிச் சொன்னார்கள். பிரிவு நாளில் உண்டான அந்தக் கலவைதான் முப்பது வருடம் கழித்துச் சந்திப்பு நாளிலும் திரும்ப வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் அந்தப் பள்ளி வயது மட்டும் இவ்வளவு ஆட்டிவைக்கிறது? நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த வயதில் நடந்தது என்று குறித்தால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை ஒரு மேடு எழும்புகிறது. டேவிட் ரூபினும் சகாக்களும் 1986-ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதன்பின் பல நாடுகளில் பலமுறை உறுதியானது. நடுவயதில் நடந்தவை ஒன்றோடொன்று கலந்து மங்க, பதினைந்து வயதில் நடந்தவை தனித்தனியாக நிற்கின்றன. முதன்முதலாக நடந்தவை அதிகம் நினைவில் நிற்கும், ‘நான் யார்’ என்ற எண்ணம் உருவாகும் காலம் அதுதான் என்று இதற்குப் பல விளக்கங்கள் உண்டு.

இந்த மேடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மார்ட்டின் கான்வேயும் ஷம்சுல் ஹக்கும் 1999-ல் வங்கதேசத்தவர்களின் நினைவுகளை ஆராய்ந்தபோது, முதியவர்களிடம் வழக்கமான மேட்டோடு, அவர்களுடைய முப்பத்தைந்து வயதுக்குப் பின் இன்னொரு மேடும் இருந்தது. அது விடுதலைப் போராட்டத்தின் காலம். முப்பதைத் தாண்டி நாடு விட்டு நாடு போனவர்களுக்கு மேடு அந்தக் குடியேற்றக் காலத்துக்கு நகர்வதை வேறொரு ஆய்வு காட்டியது. வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட காலம் எதுவோ அங்கே நினைவு குவிகிறது.

வேதாரண்யத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 1977 நவம்பர் 12 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயலின்போது பள்ளியின் மேல் வகுப்புகளில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள்; பிளஸ் டூ முறை 1978-ல் வருவதற்கு முன் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்களுடைய பள்ளி நினைவும் புயல் நினைவும் ஒரே மேட்டில் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் நாளை அப்படித்தான் இருக்கும். தென்னையும் மாவும் சாய்ந்து, கூரை போன அந்த வருடத்தைத் தவிர்த்துவிட்டு அவர்களால் வகுப்பறையை நினைக்க முடியாது. அவர்களோடு சேர்ந்து அதைப் பார்த்த சாட்சிகள் வகுப்புத் தோழர்கள்தான். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்ட ஒருவருக்கு அந்த வருடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத முகங்கள் வேறு எங்கே கிடைக்கும்?

முகங்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ‘எனக்கு யாரையும் அடையாளம் தெரியாதே, அசிங்கமாகிவிடுமே’ என்பது பலருடைய பயம். ஹாரி பாரிக் என்பவரும் சகாக்களும் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி முடித்து சில வாரங்களே ஆனவர்கள் முதல் நாற்பது வருடம் தாண்டியவர்கள் வரை 392 பேரைச் சோதித்தார்கள். மற்ற பள்ளிகளின் படங்களோடு கலந்து காட்டியபோது, 35 வருடம் கழித்தும் தங்கள் வகுப்பினரின் முகத்தை ஏறக்குறைய 90 விழுக்காடு சரியாகப் பொறுக்கி எடுத்தார்கள். அதே ஆட்களிடம் ‘உன் வகுப்பில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்’ என்றால் திணறினார்கள். தானாக நினைவுக்குக் கொண்டுவருவது கடினம், எதிரில் பார்த்து அடையாளம் காண்பது எளிது. இரண்டும் மூளை செய்யும் வெவ்வேறு வேலைகள்.

அவை பழைய படங்கள், நாற்பத்தைந்து வயது முகம் வேறுதானே என்று கேட்கலாம். அதையும் பார்த்திருக்கிறார்கள். ‘நாற்பது சொச்சம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு மாகி ப்ரக், பாட்ரிக் கவானா, ஸ்டீஃபன் செசி மூவரும் 1991-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளி முடிந்து 25 வருடம் ஆனவர்களிடம், நடுவயதுப் படத்தையும் பள்ளிக்காலப் படத்தையும் கொடுத்து, எது எதோடு சேரும் என்று பொருத்தச் சொன்னார்கள். அறிமுகமில்லாதவர்களும் ஓரளவு பொருத்தினார்கள்; கூடப் படித்தவர்கள் அவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள். பத்தாம் வகுப்பு கடைசியில் எடுத்த குரூப் போட்டோவின் பிரதி வாங்கக் காசில்லாமல் போனவர்களும் கவலைப்பட வேண்டாம். அந்தப் போட்டோ தலைக்குள் இருக்கிறது.

மதிப்பெண் விஷயத்தில் மூளை இவ்வளவு நேர்மையாக இல்லை. பாரிக் 1996-ல் கல்லூரி மாணவர்களிடம் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் தரங்களைக் கேட்டு, ஆவணங்களோடு ஒப்பிட்டார். முதல் தரத்தில் 89 விழுக்காட்டை ஞாபகம் வைத்திருந்தவர்கள், கடைசியை ஒட்டிய தரத்தில் 29 விழுக்காட்டைத்தான் சரியாகச் சொன்னார்கள். தவறிய இடங்களில் பெரும்பாலும் தரத்தை உயர்த்தியே சொன்னார்கள். ஆகவே சந்திப்பில் ‘கணக்குல நான் நூத்துக்கு நூறுடா’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவர் அதை நம்புகிறார்.

இனி எலிகளை விரட்டிய அந்த மின்னதிர்ச்சிக்கு வருவோம். சந்திப்பில் அது எதில் இருக்கிறது? பெரும்பகுதி ஒப்பீட்டில். லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-ல் சொன்னது இதுதான்: நம்மை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது பிற மனிதர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம், அதுவும் நம்மைப் போன்றவர்களோடு. டாடாவின் சொத்து யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. ஒரே வயது, ஒரே ஊர், ஒரே வாத்தியார், ஒரே சத்துணவு என்று இருந்து, முப்பது வருடம் கழித்து ஒருவர் துணை ஆட்சியராகவும் ஒருவர் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் கூலிக்கும் நிற்கும்போது, ஒப்பீடு தப்பிக்க வழி தராது. ஆபிரகாம் டெஸர் இன்னும் ஒரு படி போனார். நெருங்கிய ஒருவர் நாம் பெரிதாக மதிக்கும் துறையிலேயே நம்மைவிட உயர்ந்தால்தான் அதிகம் வலிக்கும். நமக்குச் சம்பந்தமில்லாத துறையில் அவர் உயர்ந்தால் அதையே பெருமையாக எல்லாரிடமும் சொல்வோம்.

வேதாரண்யம் கோயிலின் கதையே அதைத்தான் சொல்கிறது. திருமறைக்காடு என்ற இந்த ஊரில் மறைகள் பூட்டிச் சென்ற கதவைத் திறக்க அப்பர் பாடினார். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, பதிகம் முடியும்வரை பாடிய பிறகே கதவு திறந்தது. மீண்டும் மூட சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. பெரியபுராணம் அங்கே நிறுத்தவில்லை. தான் அவ்வளவு வருந்திப் பாடித் திறந்ததையும் தோழர் அவ்வளவு எளிதாக மூடியதையும் எண்ணி அப்பர் வருந்தினார், அந்த வருத்தத்தோடு மடத்தில் படுத்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். இருவருக்கும் இடையே அன்புக்குக் குறைவில்லை. ‘அப்பரே’ என்று பாசத்தோடு அழைத்தவரே சம்பந்தர்தான். இருவருடைய துறையும் ஒன்று, பாட்டு. அதனால் வலித்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கே ஓர் இரவு அப்படிக் கழிந்திருக்கிறது என்றால், பத்தாம் வகுப்பு ஆ பிரிவுக்காரர் ஒருவர் முதல் நாள் இரவு புரண்டு படுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்பீட்டுப் பயத்தை மூளை மிகைப்படுத்தவும் செய்கிறது. தாமஸ் கிலோவிச் 2000-ல் நடத்திய சோதனையில் மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட ஒரு பனியனை அணிவித்து, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள், கவனித்தவர்கள் கால்வாசிதான். சந்திப்பு நடக்கும் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது உங்கள் தொப்பையை எல்லாரும் பார்ப்பதாகத் தோன்றும். அவர்கள் தங்கள் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாப் பயமும் மிகை என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. சிலருக்கு அந்த வகுப்பறை உண்மையாகவே புண்படுத்திய இடம். ஊரையும் சாதியையும் ஒட்டிய பட்டப்பெயர், ‘உதவித்தொகைக்காரங்க எழுந்திருங்க’ என்று எல்லார் முன்னாலும் எழுப்பியது, மீன் வாடை என்று மூக்கைப் பிடித்தது. இவற்றைச் செய்தவர்களில் பலர் இன்று சந்திப்பை முன்னின்று நடத்துகிறார்கள். அந்தப் பட்டப்பெயரையே பாசத்தின் அடையாளமாக மைக்கில் கூவுகிறார்கள். ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 1990-ல் ஒரே ஆட்களிடம், நீங்கள் ஒருவரைக் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று, உங்களை ஒருவர் கோபப்படுத்திய சம்பவம் ஒன்று என்று எழுதி வாங்கினார்கள். செய்தவராக எழுதும்போது அது முடிந்துபோன ஒற்றைச் சம்பவம். பட்டவராக எழுதும்போது அதற்கு முன்கதையும் உண்டு, இன்னும் தீராத பின்கதையும் உண்டு. ‘அதெல்லாம் சின்ன வயசு விளையாட்டு, இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?’ என்று கேட்பவர் பொய் பேசவில்லை. அவருக்கு அது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வராமல் இருக்க முடிவெடுத்த ஒருவரை வற்புறுத்துவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். அவர் வராதது சரியான முடிவாக இருக்கலாம். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்ற ஒரு விதியைக் குழுவில் முன்கூட்டியே எழுதிவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பெண்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருப்பதற்கு வேறு காரணங்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் ராஜாஜிக்குத் துணைநின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை 1946-ல் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கிய ஊர் இது. பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பது இங்கே புதிதில்லை. படித்தவர்களைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் பாடாக இருக்கிறது. கல்யாணமாகி வேறு ஊர் போனார்கள், முதலெழுத்து மாறியது, வீட்டுக்காரரின் எண்தான் அவர்களுடைய எண். ‘கூடப் படிச்ச பசங்களைப் பார்க்க எதுக்கு இவ்வளவு ஆர்வம்’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். ஆணுக்கு நெருங்க நெருங்க ஏறும் பயம் மனத்துக்குள்ளிருந்து வருகிறது. பெண்ணுக்கு அதோடு வீட்டுக் கூடத்திலிருந்தும் வருகிறது. தோழிகள் இருவர் நேரில் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டு அழைத்து வருவது, நூறு வாட்ஸ்அப் செய்திகள் செய்யாததைச் செய்யும்.

ஒரு செய்தி அனுப்பக்கூட நாம் எவ்வளவு தயங்குகிறோம் என்பதை லாரா ஆக்னினும் கில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் 2024-ல் காட்டினார்கள். பழைய நண்பரோடு பேச ஆசை இருந்தும், எண் இருந்தும், அவர் மகிழ்வார் என்று நம்பியும், எழுதிவைத்த செய்தியை அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அறிமுகமில்லாதவரிடம் பேசத் தயங்கும் அளவுக்கு இந்தத் தயக்கமும் இருந்தது. காலம் போனால் நண்பரும் அந்நியராகிவிடுகிறார், மூளையின் கணக்கில். தற்போதைய நண்பர்கள் சிலருக்கு முதலில் செய்தி அனுப்பிக் கை பழகியபின் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் அனுப்பினார்கள்.

அனுப்பினால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2011-ல் டேனியல் லெவின் என்பவரும் சகாக்களும் நிறுவன அதிகாரிகளைப் பல வருடம் தொடர்பு விட்டுப்போனவர்களிடம் ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். கிடைத்த யோசனைகள் அன்றாடம் பேசுபவர்கள் தந்தவற்றுக்குக் குறைவின்றி, பல சமயம் அதிகப் பயனுள்ளவையாக இருந்தன. விட்டுப்போன வருடங்களில் அவர்கள் வேறு உலகம் பார்த்திருக்கிறார்கள்; பழைய நம்பிக்கையோ அப்படியே இருக்கிறது. டெல்டாவில் இதற்கு ஆய்வு தேவைப்படாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவு பதினொரு மணிக்கு ரத்தம் வேண்டும் என்றால் எந்தக் குழுவில் போடுவது என்று எல்லாருக்கும் தெரியும்.

எனக்குச் சந்திப்புகளில் ஒரே ஒரு நிகழ்ச்சியின்மேல்தான் குறை. அறிமுகப் படலம். மைக்கைக் கையில் கொடுத்து, பெயர், என்ன வேலை, எங்கே வீடு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஃபெஸ்டிங்கர் சொன்ன ஒப்பீட்டை இதைவிடக் கச்சிதமாக யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. வரத் தயங்கியவர்கள் தயங்கியதே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். அதை எடுத்துவிடலாம். மைக் வேண்டுமென்றால், கூடப் படித்த இன்னொருவரைப் பற்றி ஞாபகம் இருக்கும் ஒன்றைச் சொல்லச் சொல்லலாம். தானாக வராத நினைவு பிறர் சொல்லக் கேட்டால் வரும். நீச்சல் கற்றுக்கொடுத்தவன், பரீட்சை அன்றைக்குப் பேனா கொடுத்தவள், சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தவன் என்று பேச்சு போகும்போது துணை ஆட்சியருக்கும் உப்பளத்துக்காரருக்கும் இடையே யார் உயர்ந்தவர் என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

பட்டியலையும் மாற்ற வேண்டும். இப்போது பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்களின் பெயர்களை வைத்துத்தான் ஆள் தேடுகிறார்கள். எட்டாம் வகுப்போடு படகேறியவன், ஒன்பதில் தவறிப் படிப்பை விட்டவள், அப்பா இறந்ததும் வயலுக்குப் போனவன் எல்லாரும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதை நிரந்தர ஆவணமாக வைத்திருப்பார்கள். தலைமையாசிரியரிடம் முறையாக விண்ணப்பித்து, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயர்களை அதிலிருந்து எழுதிக்கொண்டு வந்து, அடுத்த மே மாதத்து வேலையை அங்கிருந்து தொடங்கலாம். அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலும் 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி வருகிறது. தேட வேண்டியவர்களில் பலர் அந்தத் தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களில்தான் இருக்கிறார்கள்.